சன்னல் வழியாகக் கொடுத்த பிள்ளை

போன வாரம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் புத்தம்புது பஸ் ஒன்று வந்து நின்றது. தானாகத் திறக்கும் கதவு, திறக்கவே முடியாத கண்ணாடிச் சன்னல். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் தோள்துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி பஸ்ஸைச் சுற்றி ஒரு நடை நடந்தார். துண்டு போட்டு இடம் பிடிக்க ஒரு சந்துகூட இல்லை. கடைசியில் அதைத் தோளிலேயே போட்டுக்கொண்டு வந்து நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே ஒரு பயமும் வந்தது. பஸ் சன்னல் என்றால் எனக்கு இன்றும் அப்படித்தான். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் பஸ்ஸுக்கு வாசல் என்பது ஒரு பேச்சுக்குத்தான். கூட்ட நாளில் துண்டு சன்னல் வழியாகப் போகும், மாம்பழப் பை போகும், பிள்ளையும் போகும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் பார்த்துத் திரும்பும் கூட்டத்தில் நானே அப்படி உள்ளே போனவள்தான். உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருத்தி கை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். மல்லிகைப்பூவும் வியர்வையும் கலந்த அந்த மடியில் எனக்குப் பாதி வழியிலேயே தூக்கம் வந்துவிடும். கண்டக்டரும் "பிள்ளையப் பெத்தவ ஏறிட்டாளா?" என்று சத்தம் போட்டுக் கேட்டு, "ஏறியாச்சு" என்று பதில் வந்த பிறகுதான் விசில் அடிப்பார்.

படித்து முடித்து வேலைக்குச் சென்னை போனேன். அங்கே பஸ் என்றாலே எனக்கு உதறல். ஒரே எண்ணுக்குப் பின்னால் ஓர் ஆங்கில எழுத்து மாறினால் ஊரின் வேறு மூலைக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். முதல் மாதம் ஆபீஸுக்குப் போனதைவிட வேண்டாத இடங்களுக்குப் போனதுதான் அதிகம். நிறுத்தம் தப்பிவிடுமோ என்ற பயத்தில் சீட் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டேன். "போய் உக்காரும்மா, எறங்கற எடம் வந்தா நானே சொல்றேன்" என்பார் கண்டக்டர். அவர் மறந்துவிட்டால் என்ன செய்வது என்று அதற்கும் சேர்த்துக் கவலைப்படுவேன்.

இந்த லட்சணத்தில் நான்தான் அக்காவுக்கு ஊரைச் சுற்றிக் காட்டக் கிளம்பினேன். அக்காவை எங்கள் ஊர்ப் பக்கம் வன்னியம்பட்டியில் கட்டிக் கொடுத்திருந்தது. மூன்று வயது மகள் கோதையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்திருந்தாள். பிள்ளை பிடிக்கிறவர்கள் கிளம்பியிருக்கிறார்கள் என்று எல்லார் போனிலும் ஒரு வதந்தி சுற்றிக்கொண்டிருந்த சமயம் அது. அதனால் அக்கா பிள்ளையைத் தரையில் விடவே இல்லை.

தி.நகரில் துணி எடுக்கப் போவதற்காகக் கிண்டியில் நின்றோம். பஸ் வந்தது. படியில் ஆள் தொங்கியது. நான் முண்டியடித்துப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன், அக்கா கோதையைச் சன்னல் வழியாக உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தாள். பச்சைச் சேலை கட்டிய ஓர் அம்மா பதறிப்போய், ஆனாலும் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"ஏட்டி, பிள்ள உள்ள போயிட்டா. வா, ஏறுவோம்" என்றாள் அக்கா, எதுவும் நடக்காதது போல.

விசில் அடித்தது. பஸ் கிளம்பிவிட்டது.

அக்கா முதலில் பயப்படவே இல்லை. "நிப்பாட்டுவான், பாரு" என்றாள். பஸ் நிற்கவில்லை. பாலத்துப் பக்கம் திரும்பி மறைந்தது. அப்போதுதான் அவள் முகம் மாறியது. "ஏட்டி, எம்பிள்ள..." என்று செருப்பை விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தாள். நான் ஓர் ஆட்டோவை மறித்து அவளை இழுத்துப் போட்டேன். அந்த ஆட்டோவில் நான் வேண்டாத சாமி இல்லை. நானே தினமும் தொலைகிற ஊரில் ஒரு பச்சைப்பிள்ளை தொலைந்தால் எங்கே போய்த் தேடுவது? அதற்கு அப்பா பெயர் தெரியும், ஊர் பெயர் சொல்லத் தெரியாது.

அடுத்த நிறுத்தத்தில் பஸ் இல்லை. பிள்ளையும் இல்லை. பூக்கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா, "அப்படி யாரும் எறங்கலியே" என்றார். அக்கா ஆட்டோ கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள்.

அதற்கடுத்த நிறுத்தத்தில் ஒரு கும்பல் நின்றது. நடுவில் பச்சைச் சேலை தெரிந்தது. கோதை அவர் இடுப்பில் வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். ஒருவன் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் அந்த அம்மாவின் கையைப் பிடித்திருந்தான்.

"யாரு புள்ள இது? எங்க தூக்கினு போற?"

"எம்மா நேரமா சொல்றேன், இவங்க அம்மா ஜன்னல்ல குடுத்தாங்கப்பா. அவங்க வருவாங்கன்னுதான் எறங்கி நிக்கிறேன்."

"எந்த அம்மாவாவது புள்ளய ஜன்னல்ல குடுப்பாளா?"

அக்கா கும்பலைப் பிளந்துகொண்டு உள்ளே போனாள். "அவியள விடுங்க! நாந்தான் குடுத்தேன். எங்கூர்ல அப்படித்தான் குடுப்போம்!"

யாரும் நம்பவில்லை. எங்களையும் அந்த அம்மாவின் கூட்டாளிகள் என்றே நினைத்தார்கள். நல்லவேளையாகக் கோதை "அம்மா" என்று தாவி அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கும்பலில் ஒருவர் பிரித்து எடுக்கப் பார்த்தும் பிடியை விடவில்லை. அதைப் பார்த்துத்தான் அந்த அம்மாவைப் பிடித்திருந்தவன் கையை எடுத்தான். "அறிவு இருக்கா உங்களுக்கு?" என்று எங்களைத் திட்டிக்கொண்டே கும்பல் கலைந்தது.

அந்த அம்மாவின் மணிக்கட்டு சிவந்திருந்தது, வளையல் ஒன்று உடைந்திருந்தது. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னாள். அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் சேலையைச் சரிசெய்தபடி, "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா என்னை அடிச்சே போட்ருப்பாங்கம்மா" என்று மட்டும் சொன்னார். அடுத்து வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

அடுத்த மாதம் ஊருக்குப் போயிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வன்னியம்பட்டிக்கு அக்காவோடு பஸ்ஸில் போனேன். நிற்கவே இடமில்லை. கோதை அக்காவின் தோளில் துவண்டு கிடந்தாள். சீட்டில் இருந்த ஒரு பெண் மடியைத் தட்டி, "பிள்ளைய இங்கிட்டுத் தா, தாயி. எம்புட்டு நேரந்தான் சொமப்ப?" என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

"இருக்கட்டும்க்கா" என்றாள் அக்கா. நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு மடிக்குத் திரும்பியது. இது நடந்து சில வருஷமாகிறது; இப்போதெல்லாம் எங்கள் பக்கத்திலும் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் கேட்டேன், "ஏங்க்கா, நம்மூர்ப் பொம்பளைதான? நம்பிக் குடுத்தா என்ன?"

"நம்பாம இல்லட்டி" என்றாள் அக்கா. "பிள்ள அழுதுருச்சுன்னா? அந்தப் பொம்பளையும் என்ன பாடு படுவா, பாவம்."