என் கடைப் பெயர் யாரிடமோ இருந்தது

தொண்ணூறுகளின் கடைசியில், பொள்ளாச்சியில் கொட்டாங்குச்சியில் அலங்கார விளக்குகள் செய்து விற்றுவந்தேன். கடைப் பெயரைப் பதிவு செய்த கையோடு, அதே பெயரில் இணையதள முகவரியும் வாங்கக் கோவையில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அதை ஏற்கெனவே யாரோ வாங்கிவிட்டதாகத் திரையில் வந்தது. பெட்டிகளில்கூட அந்தப் பெயரை அச்சடித்தாகிவிட்டது. வாங்கியவரின் தொலைபேசி எண்ணும் திரையில் இருந்தது. உடனே போன் செய்தேன்.

"ஏனுங்க, என்ற கடைப் பேரை நீங்க எதுக்குங்க வாங்குனீங்க?"

"பயப்படாதீங்க அம்மணி. கண்காட்சியில உங்ககிட்ட விளக்கு வாங்குனேனுங்க. பெட்டியில இருந்த பேரை வேற யாராச்சும் எடுத்துப்போடுவாங்கன்னு நானே பதிஞ்சு வெச்சேன். உங்க விலாசத்தைத் தொலைச்சுப்போட்டேன், அதான் சொல்ல முடியலீங்க."

சொன்னபடியே என் பெயருக்கு மாற்றித் தந்தார். அது வேறொருவர் கையில் சிக்கியிருந்தால், அச்சடித்த பெட்டிகளையெல்லாம் தூக்கிப்போட வேண்டியிருந்திருக்கும்.