நாலாம் சீட்டிடம் சொல்ல முடியாதது

மருத்துவமனையின் தரைத்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில், ஏழு பெண்கள் தொலைபேசியோடு உட்கார்ந்திருப்பார்கள். டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துக் கொடுப்பது அவர்கள் வேலை. இரண்டு பேருக்கு ஒரே பெயர் இருந்ததால் வந்த குழப்பத்தில், ஒருவரையொருவர் நாற்காலி எண்ணால் கூப்பிடும் பழக்கம் தொடங்கி அப்படியே நிலைத்துவிட்டது. அவள் மூணாம் சீட்டு. பதினோரு வருடமாக அங்கே இருந்தாள்.

நாலாம் சீட்டில் இருந்த அக்கா அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அந்த அறிவிப்பை முதலில் பார்த்தது அக்காதான். பெண்களுக்கு மென்பொருள் பயிற்சி, ஆறு மாதம், பயிற்சியிலேயே சம்பளம், பட்டம் வேண்டாம், வயது தடையில்லை.

"இது உனக்குத்தான்டி," என்று கைபேசியை அவள் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"எனக்கா? டிவியில சேனல் மாத்தவே என் பொண்ணைக் கூப்பிடுறேன்க்கா."

"நம்ம ஏழு பேரு டூட்டி பட்டியலை கம்ப்யூட்டர்ல தானா போட்டுக்கிற மாதிரி செஞ்சது யாரு? உங்க வீட்டுக்காரரா?"

விண்ணப்பத்தில், இதுவரை செய்த வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். அவள் போனில் வரும் குரல்களைப் பற்றி எழுதினாள். 'டாக்டர் இருக்காரா' என்று கேட்பவருக்கு உண்மையில் வேண்டியது 'இன்னைக்கே வரலாமா' என்பதற்கான பதில். 'சும்மா ஒரு செக்கப்' என்பவர் பெரும்பாலும் பயந்துபோயிருப்பவர். வேலை நேரத்திலேயே ஆன்லைனில் தேர்வு நடந்த ஒரு மணி நேரமும் அக்கா இரண்டு காதிலும் இரண்டு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு இரண்டு பேர் வேலையையும் பார்த்தாள். ஒருவருக்குச் சொல்ல வேண்டியதை மற்றவருக்குச் சொல்லி, பல்வலிக்காரர் ஒருவருக்குக் கண் டாக்டரிடம் நேரம் கொடுத்தாள்.

இருபது பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவளும் அதில் இருந்தாள். மருத்துவமனை வேலையை விட்டுவிட்டுப் பயிற்சியில் சேர்ந்தாள்.

முதல் மாதம் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. ஓர் அடைப்புக்குறியைக் கோட்டைவிட்டதற்கு அரை நாள் போனது. பஸ் ஓட்டும் அவள் கணவர், "என் வண்டி கூட இத்தனை தடவை நின்னதில்ல," என்று சிரித்தார். இரண்டாம் மாதம், அவள் எழுதிய சின்ன நிரல் ஒன்று முதல் ஓட்டத்திலேயே ஓடியது. பக்கத்தில் இருந்தவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். முப்பத்தெட்டு வயதில், தன் தலைக்குள் இப்படி ஓர் அறை இருந்ததே தெரியாமல் போயிற்றே என்றிருந்தது.

மூன்றாம் மாதம் உண்மையான வேலையில் சேர்த்துவிட்டார்கள். குழுத் தலைவி இன்னும் முப்பது தாண்டாதவள். படபடவென்று பேசுவாள், நல்ல மனசு. தலைவி திறந்து காட்டிய திரையில் அவள் வேலை பார்த்த மருத்துவமனையின் பெயர் இருந்தது. தொலைபேசியைத் தானே எடுத்து, தானே பேசி, நேரம் குறித்துக் கொடுக்கும் மென்பொருள்.

"மேடம், என்னை வேற டீம்ல போட முடியுமா? அங்க இருக்கிறவங்க எல்லாரும் எனக்கு வேண்டியவங்க."

தலைவி திகைத்துப்போய்ப் பார்த்தாள். "உங்களை எடுத்ததே இதுக்காகத்தானே. நீங்க எழுதியிருந்த அந்த ஒரு பக்கத்தைப் படிச்சிட்டு எங்க மேனேஜர், இவங்க கட்டாயம் வேணும்னு சொன்னாரு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வெளிய சொல்லக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க, ஞாபகம் இருக்கட்டும். நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. எனக்கும் மேல ஆள் இருக்காங்க."

மனிதர்கள் கேட்கும் கேள்விகளை எல்லாம் அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது என்று பக்கத்தில் போட வேண்டும். நானூற்றுச் சொச்சம் எழுதினாள். பதில்களை எழுதும்போது காதில் கேட்டது அக்காவின் குரல். 'பதறாதீங்க, ஒண்ணொண்ணா சொல்லுங்க' என்பது அக்காவுடையது. அதையும் உள்ளே போட்டாள்.

அக்கா சாப்பாட்டு இடைவேளையில் அடிக்கடி கூப்பிடுவாள். "என்னடி கம்ப்யூட்டர்காரி! இங்க புது நாற்காலி வரப்போகுதுன்னு பேச்சு. யாரோ வந்து அறையை அளந்துட்டுப் போனாங்க."

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடினாள். "அக்கா, நீங்களும் வேற ஏதாவது வேலைக்கு எழுதிப் போட்டு வைங்களேன்."

"ஏன், என்னை விரட்டுறதுக்கு உனக்கு என்ன அவசரம்? அம்பது வயசுல எவன்டி எனக்கு வேலை வச்சிருக்கான்?" அக்கா சிரித்தாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்து, "பொண்ணுக்குப் பரீட்சைக்கா," என்று எதையோ பேசினாள்.

சோதனையில் ஒரு குறை பிடிபட்டது. 'சும்மா ஒரு செக்கப்' என்று மூச்சு வாங்கிக்கொண்டு சொல்பவருக்கு மென்பொருள் ஒன்பது நாள் கழித்து நேரம் கொடுத்தது. அக்காவாக இருந்தால் அந்த மூச்சைக் கேட்டதும் நேரே அவசரப் பிரிவுக்கு அனுப்பியிருப்பாள். மூச்சை எப்படி எழுதுவது? தலைவியிடம் மூன்று முறை போய் நின்றாள்.

"இந்த வெர்ஷன்ல குரலை வச்சு கண்டுபிடிக்கிறது கிடையாதுங்க. அவசரம்னா ஒன்றை அழுத்தவும்னு ஒரு வரி சேத்துடலாம்."

"அவசரம்னு அவங்களுக்கே தெரியாதே மேடம்."

தலைவி கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். "அடுத்த வெர்ஷன்ல கண்டிப்பா கேக்குறேன்." ஒரு வரி மட்டும் சேர்ந்தது.

ஐந்தாம் மாதம் அதைப் பொருத்துவதற்குக் குழுவோடு அவளையும் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தாள்; அறை அவளுக்குத்தான் தெரியும் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் இடத்துக்கு வந்தவளையும் சேர்த்து ஏழு பேருக்கும் அன்று காலையில்தான் விஷயம் சொல்லப்பட்டிருந்தது. இரண்டு பேர் இருப்பார்கள், ஐந்து பேர் வேண்டாம். கழுத்தில் விருந்தினர் அட்டையோடு அவள் உள்ளே நுழைந்தபோது எல்லோரும் திரும்பினார்கள். அடுத்த அறையில் சலவை இயந்திரம் சுற்றும் சத்தம் கேட்டது.

அக்கா அவளையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். "உனக்கு எப்பத்திலிருந்து தெரியும்?"

"மூணாவது மாசத்திலிருந்துக்கா."

அக்கா ஹெட்செட்டைக் கழற்றி, அதன் ஒயரைச் சுருட்டி மேசைமேல் வைத்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள். "உக்காந்து பாரு. நின்னுக்கிட்டே எப்படி வேலை செய்வே?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் மாலை வரை வேலை செய்தாள். வேறு வழி தெரியவில்லை.

வீட்டில், "நான் விட்டுடப் போறேன்," என்றாள்.

கணவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "விட்டா அந்த அஞ்சு பேரையும் திரும்பக் கூப்பிட்டுக்குவாங்களா?"

"மாட்டாங்க."

அவர் மறுபடி பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.

ஆறு மாதம் முடிந்தது. இருபது பேரில் ஒன்பது பேருக்கு வேலை உறுதியானது. அதில் அம்மாவின் பெயரும் இருப்பது தெரிந்து மகள் குதித்தாள். அவள் மகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அக்கா அவள் அழைப்புகளை எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நேரே வீட்டுக்கே போனாள். அக்கா கறுப்புக் காலணிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில் பொட்டலம் கட்டும் வேலை. நின்றுகொண்டே செய்ய வேண்டும்.

"முட்டி?"

"அதுக்கென்ன, வலிக்குது. உள்ள வா, தண்ணி குடி."

குடித்தாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னாள். "அக்கா, எங்க கம்பெனியில அடுத்த பேட்ச் எடுக்கிறாங்க. நான் சொல்லிப் பாக்கட்டுமா?"

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாக இல்லை, களைத்திருந்தாள். "அதுல சேந்து நான் யாரோட வேலையைப் பிடுங்க எழுதிக் குடுக்கணும்?"

தெருமுனைவரை இருவரும் ஒன்றாக நடந்தார்கள். கிடங்கின் வண்டி வந்து நின்றது. அக்கா கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினாள். ஜன்னலோரம் இடமில்லை. உள்பக்கமாகப் போய் உட்கார்ந்துவிட்டதால், கீழிருந்து பார்த்தபோது முகம் தெரியவில்லை.