லெமாயின் கோடரிக் கணக்கு

பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வரிசையாக வாழும் அந்த நீள்வீட்டில் லெமாய் தன் கோடரியை யாருக்கும் இரவல் தந்ததில்லை. புருஷன் செத்தபின் கையில் எடுத்தவள், அவனைவிடப் பதமாக வைத்திருந்தாள். ஓடைத் தண்ணீர் தெளித்து முதலில் சொரசொரப்புக் கல், பிறகு வழவழப்புக் கல். நகத்தில் வைத்தால் முனை வழுக்காமல் பிடிக்க வேண்டும். வழுக்கினால் மறுபடி கல்தான். வேலை முடிந்ததும் இரும்புக்குப் பன்றிக்கொழுப்பு. இரும்பைக் காம்போடு பிணைக்கும் பிரம்புப் பின்னலை அடுப்புப் பக்கமே அண்டவிடமாட்டாள்.

காடு திருத்தும் காலத்தில் வீட்டுக்கு வீடு மாத்தாள் வேலை: இன்று நான் உன் காட்டில், நாளை நீ என் காட்டில். பெண்கள் புதர் அரிவார்கள், ஆண்கள் மரம் சாய்ப்பார்கள். அந்த வருஷம், தன்னையும் கோடரி ஆளாகக் கணக்கில் வைக்கச் சொன்னாள் லெமாய். அப்போதுதான் அவள் காட்டுக்கும் கோடரி ஆட்கள் வருவார்கள். நீள்வீட்டுத் தலைவர் ஜாலின் தாடையைச் சொறிந்தார். "உன் கொழுந்தன் காட்டுல தலைமரத்தச் சாய்ச்சுக் காட்டு. அப்புறம் பேசுவோம்."

தலைமரம் சரிவின் உச்சியில் நிற்பது. கீழுள்ள மரங்களையெல்லாம் பாதி வெட்டி விட்டிருப்பார்கள். உச்சிமரம் சரியாக விழுந்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சரிவே படுத்துவிடும்.

அன்று கீழ்ப்பக்கம் லெமாய் வெட்ட, மேல்பக்கம் கொழுந்தன் உங்காட். நாலு வெட்டுக்குள் அவன் கோடரித்தலை ஆட்டம் கண்டது. துருவுக்குப் பயந்து அடுப்புப் பரணில் தொங்கவிட்டிருந்தான். பிரம்பு காய்ந்து தளர்ந்துபோயிருந்தது.

"ஏன் கொழுந்தனாரே, கோடரிக்கும் கருவாட்டுக்கும் ஒரே பரணா?"

"சிரிக்காதீங்க அண்ணி. உங்களோடதக் குடுங்க, நானே முடிச்சிடறேன்."

"குடுத்தா மரத்தச் சாய்ச்சது நீங்கன்னு ஆயிடும். போய் உங்களோடத ஓடையில ஊறப்போடுங்க, பிரம்பு இறுகும். மேல்பக்கமும் நானே பாத்துக்கறேன்."

"கை கழண்டுடும்!"

"என் கைதானே? நீங்க ஒதுங்கி நில்லுங்க."

பாதி வெட்டில் முனை மழுங்கி, கோடரி மரத்தில் கடிக்காமல் எகிறியது. லெமாய் நிறுத்தினாள். இடுப்பிலிருந்து கல்லை எடுத்து, வேரில் உட்கார்ந்து தீட்டத் தொடங்கினாள்.

"காத்து எழும்புது! மரத்தடியில உக்காந்து சாணை பிடிக்கிறா பாரு!" என்று மறுமேட்டில் நின்று பார்த்தவர்களின் கூச்சல். கீழே பாதிமரங்கள் முனகின. லெமாய் அவசரப்படவில்லை. மழுங்கின முனையால் அடித்தால் வெட்டு கோணலாகும், மரம் பக்கவாட்டில் சாயும் என்பது அவளுக்குத் தெரியும். நகத்தில் வைத்துப் பார்த்தாள். பிடித்தது.

அதன்பின் வெட்டுச் சில்லுகள் உள்ளங்கை அகலத்துக்குப் பறந்தன. அடிமரம் படாரென்று வெடித்தது. லெமாய் ஒருபக்கமாக விலகி நின்றாள். மரம் கீழ்நோக்கிச் சாய, அடுத்தது, அதற்கடுத்தது எனச் சரிவு முழுக்க இடிபோல் உருண்டது.

புழுதி அடங்கியதும் ஜாலின் ஏறி வந்து வெட்டுவாயைத் தடவிப் பார்த்தார்.

"நாளைக்கு என் காட்டுக்கு உங்க வீட்டுலேர்ந்து யாரு?"

"கோடரி ஆளு. நான்தான்" என்றாள் லெமாய். "நாளன்னிக்கு நீங்க எங்க காட்டுக்கு வரணும் தலைவரே. பரண்ல தொங்கினத மட்டும் தூக்கிட்டு வராதீங்க."