ஏழாவது கேள்வி

காலையில் பள்ளிக்கூடத்தில் வகுப்பறைகளைப் பெருக்கித் துடைப்பது அவள் வேலை. மதியத்துக்கு மேல், மூன்று வாரத்துக்கு மட்டும், கணக்கெடுப்பு. எந்தெந்தத் தெருவுக்குக் குறைந்த கட்டணத்தில் இணைய இணைப்பு தருவது என்று முடிவு செய்ய, வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். அவளுடைய தெருவையே அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். ஏழாவது கேள்வி, வீட்டில் இன்டர்நெட் உண்டா? இருக்கு, இல்லை என்று இரண்டே கட்டம்.

இரண்டு நாள் மளமளவென்று ஓடியது. மூன்றாம் நாள் இஸ்திரிக்காரர் வீட்டில் மாட்டிக்கொண்டாள். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, இன்டர்நெட்டெல்லாம் நமக்கெதுக்கு, இல்லை என்று போடு என்றார். துணி அடுக்கின்மேல் சாய்த்து வைத்த போனில், வெளியூரில் இருக்கும் அவர் மகள் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அப்போ இது என்னண்ணே?"

"இது போன்மா."

விசாரித்தால், அவர் போடுகிற சின்ன டேட்டா பேக்கில் அந்த ஒரு ஆப் மட்டும்தான் ஓடுமாம். வேறு எதைத் தொட்டாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்குமாம். ஆஸ்பத்திரி டோக்கன் எடுக்கக்கூட அடுத்த தெரு கடைக்குத்தான் ஓட வேண்டும். அவள் பேனா எந்தக் கட்டத்திலும் இறங்கவில்லை.

மேற்பார்வையாளர் அம்மாவுக்குப் போன் போட்டாள். அவர்கள் சொல்வதை எழுது என்றார் அந்த அம்மா. இரண்டே நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டு, வீடியோ ஓடினால் இருக்கு என்றே போடு என்றார். எதுதான் சரி என்று கேட்டதற்கு, மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். பிறகு கூப்பிடவே இல்லை.

அன்று இன்னும் பதினோரு வீட்டில் இதே கதை. வீட்டுக்கு வந்து, நம்ம வீட்டுக்கு என்ன போடுவது என்று கணவரிடம் கேட்டாள்.

"இருக்கிற மாதிரிதான் இருக்கு. ஆனா இல்லை" என்றார் அவர், சட்டையைக் கழற்றியபடி. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

கடைசியில் அப்படிப்பட்ட வீடுகளுக்கெல்லாம் இரண்டு கட்டத்திலும் டிக் அடித்து, ஓரத்தில் 'ஒரு ஆப் மட்டும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். யாரும் திட்டவில்லை. பாராட்டவும் இல்லை.

நாலு மாதம் கழித்து ஆட்கள் வந்து கம்பத்தில் பெட்டி மாட்டினார்கள். இஸ்திரிக்காரர் வரிசைக்கு இணைப்பு கிடைத்தது. எதிர் வரிசைக்கு இல்லை. இரண்டு வரிசைக்கும் அவள் ஒரே மாதிரிதான் எழுதியிருந்தாள். அவள் வீடும் எதிர் வரிசைதான். என்ன எழுதித் தொலைத்தாய் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

இவள் கணக்கெடுப்பு அலுவலகத்துக்கே போய்க் கேட்டாள். அங்கிருந்தவர் பட்டியலை முன்னும் பின்னும் புரட்டி, தலையைச் சொறிந்து, தனக்கும் விளங்கவில்லை என்றார். மனு கொடுத்தால் பார்க்கலாமாம். இப்போது அவள் மறுபடியும் வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறாள். கிடைக்குமா என்று கேட்கிறவர்களிடம், தெரியலைங்க, போட்டு வைங்க என்கிறாள்.