காலால் கிளிக் பண்ணக் கத்துக்கிட்டேன்

எனக்காக முழங்கால் போட்ட சகோதர சகோதரிகளே, உங்க ஜெபம் என்ன ஆச்சுன்னு சொல்லத்தான் இன்னைக்கு எந்திரிச்சு நிக்கிறேனுங்க.

1997-ல என் வலது கை முடங்கிப் போச்சு. ஆர்.எஸ்.புரத்துல ஒரு அச்சகத்துல கம்ப்யூட்டர்ல கல்யாணப் பத்திரிகை அடிக்கிறது என் வேலை. மதுக்கரையிலிருந்து பஸ்ல போய் வருவேன். முகூர்த்த மாசம்னா சாப்பிடக்கூட எந்திரிக்க மாட்டேன். தமிழ் எழுத்துல பாதிக்கு ஷிப்ட் கீயைச் சுண்டுவிரலால அமுக்கிப் பிடிக்கணும். மத்த நேரமெல்லாம் மவுஸ்தான். முதல்ல மணிக்கட்டுல எரிச்சல். தைலம் தேச்சுட்டுப் போனேன். அப்புறம் விரலெல்லாம் மரத்துப்போச்சு. மகளுக்குச் சடை பின்ன முடியலை.

ஒருநாள் குழம்புச் சட்டியை இறக்கறப்ப கை விட்டுருச்சு. கொதிக்கிற குழம்பு. மகள் பக்கத்துலதான் உக்காந்து விளையாடிட்டு இருந்தா. அவ மேல ஒரு சொட்டுகூடப் படலை. அன்னைக்கே டாக்டர்கிட்டப் போனேன்.

டாக்டர் பார்த்துட்டு, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செஞ்சதால வந்த கோளாறுன்னு சொன்னாங்க. "இந்த வேலையை விட்டுருங்கம்மா"ன்னாங்க. எப்படி விடறது? மில்லு மூடினதுல இருந்து எங்க ஊட்டுக்காரருக்கு நிலையான வேலை இல்லை.

நீங்க எல்லாரும் ஜெபிச்சீங்க. நானும் கையைக் குணமாக்கும் ஆண்டவரேன்னு கேட்டுட்டே இருந்தேன். கை குணமாகலை. அச்சக முதலாளி நல்ல மனுசர். அவரே தயங்கித் தயங்கிக் கேட்டார்: "வேற ஆளைப் பார்க்கட்டுங்களா அம்மணி? சங்கடப்படாதீங்க." அன்னைக்கு பஸ் ஸ்டாப்புல நின்னு வேற மாதிரி ஜெபிச்சேன். "கையைத் தராட்டியும் சரி, ஒரு வழியைத் தாங்கப்பா."

அதே வாரம் கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆச்சு. சரிபண்ண வந்தது கவிதான்னு ஒரு சர்வீஸ் இன்ஜினியர். நான் இடது கையால வலது கையைத் தாங்கிப் பிடிச்சு மவுஸை நகர்த்தறதைப் பார்த்துட்டாங்க.

"ஏனுங்கக்கா, கையில என்னங்க?"

எல்லாத்தையும் சொன்னேன். கம்ப்யூட்டர்ல எதையோ திறந்து மாத்தினாங்க. "இனி ஷிப்ட்டை அமுக்கிப் பிடிக்க வேண்டாங்க. ஒருதரம் தட்டி உட்டாப் போதும், அடுத்த எழுத்து வரைக்கும் அது காத்திருக்கும்."

"இது மொதல்லயே இதுக்குள்ள இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுங்கக்கா. யாருக்கும் தேவைப்படலை."

அடுத்த தடவை ஒரு பழைய மவுஸைப் பிரிச்சு, அதோட கிளிக் பொத்தானிலிருந்து ஒயர் இழுத்து, பலகையில வச்ச காலிங் பெல் ஸ்விட்ச்சோட சேர்த்தாங்க. இடது கையால மவுஸை நகர்த்தணும், காலால அமுக்கணும். முதல் நாள் பலகை வழுக்கிட்டே போச்சு. ஒரு கிளிக் ரெண்டாகி, கல்யாணப் பொண்ணு பேரே அழிஞ்சுபோச்சு. முதலாளி விழுந்து விழுந்து சிரிச்சார். அப்புறம் அவரே சைக்கிள் டியூபை வெட்டிப் பலகைக்கு அடியில ஒட்டித் தந்தார். கீபோர்டையும் மடிக்கு நேரா தாழ்த்தி வச்சுக் குடுத்தார். வேற ஆளைத் தேடறேன்னு அப்புறம் சொல்லவே இல்லை.

ஓய்வு கிடைக்கக் கிடைக்க, டாக்டர் சொன்ன பயிற்சியும் செய்யச் செய்ய, கை மெல்லத் தேறுச்சு. இன்னமும் குளிர்காலத்துல குடையும். ஆனா மகளுக்குச் சடை நான்தான் பின்னறேன்.

நம்ம சகோதரர் ஒருத்தர் கேட்டார், "இது ஒயரு வேலைதானுங்களே, இதுல அற்புதம் எங்கிருக்கு?" நானும் யோசிச்சேனுங்க. கவிதா நம்ம சபை கிடையாது. மருதமலைக்கு விரதம் இருந்து போறவங்க. ஆனா நான் வழி கேட்டேன். அந்த வாரமே, என் கையைக் கவனிச்சுப் பார்க்கிற ஒரு ஆளை என் மேசைக்கே ஆண்டவர் அனுப்பினார். எனக்கு அது போதும்.

முன்னெல்லாம் வேலை முடியாம எந்திரிக்கிறது பாவம் மாதிரி இருக்கும். இப்ப நடுநடுவுல எந்திரிச்சு, கையை உதறிட்டு, ஒரு ஸ்தோத்திரம் சொல்லிட்டு உக்கார்றேன். போன மாசம் அன்னூரிலிருந்து டைப்பிங் வேலை பார்க்கிற அக்கா ஒருத்தங்க இதே வலியோட வந்தாங்க. கவிதாவையும் கூட்டிட்டுப் போய் அவங்களுக்கும் ஒரு பலகை பண்ணிக் குடுத்துட்டு வந்தோம்.

உங்கள்ல யாருக்காச்சும் கையில இப்படி வலி இருந்தா, மறைச்சு வச்சுட்டுத் தாங்காதீங்க. டாக்டரைப் பாருங்க, எங்கிட்டயும் வாங்க. சேர்ந்து ஜெபிப்போம். ஆமென் சொல்லிட்டு, உங்க மேசையையும் ஒருதரம் பார்த்துடலாமுங்க.