மிளகாய் சுற்றிய கோப்பை

நேற்றுப் பக்கத்து வீட்டில் புது ஸ்கூட்டருக்கு மிளகாய் சுற்றினார்கள். அடுப்பில் போட்டதும் தெருவே இருமியது. நெடி ஏறினால் திருஷ்டி இல்லை, ஏறாவிட்டால் திருஷ்டி என்பார்கள். இருமிக்கொண்டே நான் சிரித்துவிட்டேன். ஏன் என்று மருமகள் கேட்டாள். சொல்லவில்லை. நேரில் என்றால் எனக்கு வாய் வராது. எழுதுவதென்றால் கூச்சம் கொஞ்சம் விலகி நிற்கும், அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எண்ணூர் பக்கம் துறைமுகத்துக்காகக் கடலில் கல் கொட்டி வேலை நடந்த காலம் அது. கம்பெனி கெஸ்ட் ஹவுசில் எனக்குச் சமையல் வேலை. எங்கள் குப்பத்துக்கும் பஸ் ரோட்டுக்கும் நடுவில்தான் கம்பெனி மதில். அதில் ஒரு இரும்பு கேட், எப்போதும் பூட்டு. அது திறந்திருந்தால் கூடைக்காரிகள் ஐந்து நிமிஷத்தில் ரோட்டில் நிற்பார்கள். பூட்டியிருந்ததால் முகத்துவாரத்தைச் சுற்றி முக்கால் மணி நேரம் நடந்தார்கள். அதற்குள் பஸ் போய்விடும், கூடையில் மீனுக்குக் கண் கலங்கிவிடும். மூன்று தடவை மனு கொடுத்தோம். மேனேஜர் வாங்கி மடித்து, ஆடுகிற மேஜையின் காலுக்கு அடியில் வைத்தார். மேஜை ஆடுவது நின்றது.

எல்லாம் வெள்ளைக்காரப் பெரிய துரையின் கையில்தான் என்பார் அவர். துரையின் பேர் என் வாயில் நுழையவில்லை. ஆள் நெல் மூட்டை மாதிரி இருப்பார். வாலிபத்தில் ஏதோ விளையாடி ஒரு காது கசக்கிய அப்பளமாகியிருந்தது. கல்லை அங்குலம் பிசகாமல் அடுக்கச் சொல்கிறவர். முதல் கல் போடுமுன் கங்கையம்மனுக்குப் பொங்கல் வைக்க அரைநாள் கேட்டபோது, மூடநம்பிக்கைக்கு நேரமில்லை என்று மேனேஜர் மூலமாகச் சொல்லி அனுப்பியவர்.

மழைக்காலம் தொடங்கியதும் அவர் ஊர்ப்பக்கம் ஒரு பெரிய கோப்பைப் போட்டி தொடங்கியது. ஒரு தேசத்து கிளப் இன்னொரு தேசத்து கிளப்போடு மோதும். முதலில் இவன் ஊரில் ஒரு ஆட்டம், பிறகு அவன் ஊரில் ஒன்று. சம்பந்தி வீட்டு விருந்து மாதிரிதான், என்ன, சாப்பாட்டுக்குப் பதில் அடி. கெஸ்ட் ஹவுஸ் டிவியில் காட்டுவார்கள். ரக்பி என்றார் மேனேஜர். பந்து உரித்த தேங்காய் போல நீண்டிருக்கும். முன்னால் ஓடவேண்டும், ஆனால் கையால் பின்னால்தான் எறியவேண்டும். எங்கள் மனு போகிற வழி எனக்கு அப்போதுதான் விளங்கியது. திடீரென்று பதினாறு ஆம்பிளைகள் தலையைத் தலையோடு முட்டி நெரிப்பார்கள். தண்ணி லாரி வந்த தெரு தோற்றுவிடும். ஆட்டம் முடிந்ததும் ரத்தத்தைத் துடைத்துவிட்டுக் கை குலுக்குவார்கள். அது மட்டும் எங்கள் தெருவில் கிடையாது.

துரையின் ஊர் கிளப் சிவப்புச் சட்டை. முதல் இரண்டு ஆட்டமும் தோற்றது. துரை வஞ்சிரம் வறுவலைத் தொடவில்லை. என் வறுவலை ஒருவர் தொடாமல் வைப்பதா? மூன்றாவது சனிக்கிழமை, பேசத் தெரியாத நான் உப்பும் ஏழு மிளகாயும் எடுத்துப்போய் அவருக்கு மூன்று சுற்று சுற்றி, துப்பு என்று ஜாடை காட்டினேன். பயந்துபோய்த் துப்பிவிட்டார். அடுப்பில் போட்டேன். நெடியே இல்லை. சிவப்புச் சட்டை ஜெயித்தது.

அதோடு மாட்டிக்கொண்டேன். சனிக்கிழமை சாயங்காலம் ஏழானால், "அம்மா! மிலகா!" என்று கூடத்திலிருந்து குரல் வரும். அதே உப்பு, அதே ஏழு மிளகாய், அதே ஊதாப் புடவை. ஒருநாள் பச்சைப் புடவையில் போனேன். என்னை வேனில் வீட்டுக்கு அனுப்பி மாற்றிக்கொண்டு வரச் சொன்னார். கங்கையம்மனுக்குக் கிடைக்காத மரியாதை என் ஊதாப் புடவைக்குக் கிடைத்தது.

சிவப்புச் சட்டை காலிறுதி தாண்டி, அரையிறுதி தாண்டி, வெயில் காலத்தில் இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்றது. அன்றைக்குப் பாத்திரம் தேய்க்கிற தேசம்மா என்னைச் சமையல்கட்டில் மடக்கினாள். எங்கள் குப்பத்துக்காரிதான்.

"ஏக்கா, அந்தாளு குடுமி உன் கைல கீது. கேட்ட தொறக்கச் சொல்லு. அப்பால சுத்து."

"எனக்குப் பேச வராதுடி."

"பேசாத. சும்மா நில்லு. அதான் உனுக்கு நல்லா வருமே!"

நின்றேன். துரை கூப்பிட்டார். கையில் மிளகாயோடு போய் அசையாமல் நின்றேன். டிவியில் பாட்டெல்லாம் பாடி முடித்து ஆட்டம் தொடங்கப் போகிறது.

"என்னம்மா மரம் மாதிரி நிக்கறே? சுத்து, சுத்து!" என்றார் மேனேஜர்.

நான் ஜன்னல் வழியே கையை நீட்டி, "கேட்டு... ஓப்பன்" என்றேன். என் ஆயுளில் நான் பேசிய பெரிய பேச்சு அது. துரை மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கூரையைப் பார்த்தார். கதவுக்குப் பின்னாலிருந்து தேசம்மா, "கூடக்காரிங்க போறதுக்கு சார்!" என்று கத்தினாள். அதையும் மேனேஜரே இங்கிலீஷில் சொல்லவேண்டியதாயிற்று. துரை டிவியைக் காட்டினார். "வின்... ஓப்பன்" என்றார்.

செய்தி மதில் தாண்டிப் போய்விட்டது. குப்பத்துப் பெண்கள் கூடையோடு கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட ஒருத்திக்கும் தெரியாது.

மூன்று சுற்று சுற்றினேன். துரை துப்பவேண்டும். அந்த நேரம் ஆட்டம் தொடங்கி, பந்து சிவப்புச் சட்டைக்காரர்கள் பக்கம் வந்துவிட்டது. துரை நாற்காலி நுனியில், கண் டிவியில். நான் கையை நீட்டியபடி நிற்கிறேன். மேனேஜர் குனிந்தார். "சார் பிஸியா இருக்கார், நான் துப்பறேன்" என்று சொல்லி, தூ தூ தூ என்று மூன்று தடவை துப்பினார்.

சுற்றுவது யாருக்கோ, துப்பவேண்டியதும் அவர்தான். எங்கள் குப்பத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நீங்க இல்ல சார் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். வேறு ஏழு மிளகாய் எடுத்திருக்கவேண்டும். ஒரே நாளில் இரண்டு பேச்சு எனக்குத் தாங்காது. அடுப்பில் போட்டேன். நெடி துளிகூட ஏறவில்லை. மேனேஜர்மேல் அவ்வளவு கண் இருந்திருக்கிறது.

மதிலோரமாகக் குரல் வந்துகொண்டே இருந்தது. "இன்னாக்கா, செவப்பு ஜெயிச்சுகினு கீதா?" ஜெயித்துக்கொண்டுதான் இருந்தது, கடைசி நிமிஷம்வரை. கடைசியில் எதிராளி ஒருவன் அந்தத் தேங்காயை மண்ணில் நிறுத்தி, நிதானமாக உதைத்தான். இரண்டு கம்பத்துக்கு நடுவில் போய், சிவப்புச் சட்டை தோற்றுவிட்டது. துரை எழுந்துபோய்ப் படுத்துவிட்டார். பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு முகத்துவாரம் சுற்றி நடந்தார்கள்.

மறுமாதமே மேனேஜருக்குப் பதவி உயர்வு வந்தது. "மேனேஜரு பொண்டாட்டி ஊர்லேர்ந்து சுத்திப் போட்டாகூட இவ்ளோ பலிச்சிருக்காது" என்றாள் தேசம்மா. புதுப் பதவியோடு கேட்டின் சாவியும் அவரிடம் வந்தது. துரை ஊருக்குப் போகும்போது எனக்கு ஒரு சிவப்புச் சட்டை கொடுத்தார். ஆட்டுக்கல்லுக்கு மூடியாக ரொம்ப நாள் உழைத்தது.

இப்போது துரை இல்லை, கெஸ்ட் ஹவுஸ் இல்லை. தேசம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். கல் கொட்டியதிலிருந்து கடல் வருஷா வருஷம் உள்ளே வந்து, படகு இழுத்துப் போட்ட மணலைத் தின்று, முன்வரிசை வீடுகளையும் தின்றுவிட்டது. மதிலில் பாதி விழுந்துவிட்டது. கேட் மட்டும் நிற்கிறது. பூட்டு துருப்பிடித்துத் தானே கழன்று விழுந்துவிட்டதாம். போன மாதம் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன், அகலத் திறந்து கிடந்தது. கூடையோடு வர அந்தப் பக்கம் கரை இல்லை.