சீமெந்து இழுக்காத அறை

இந்த நொர்வேயில் ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து பியோர்ண்டால் வரைக்கும் நான் தரை போட்டுக் கொடுத்த வீடுகளில் ஒன்றிலாவது பலகை முனகுகிறது என்று யாரும் சொல்லட்டும் பார்க்கலாம். பத்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன் நான். இன்று என்னிடம் வேலை செய்கிறவர்களில் இரண்டு பேர் பல்கலைக்கழகம் போய் வந்தவர்கள். ரசமட்டத்தைக் கையில் கொடுத்தால் இரண்டு பேருக்கும் வியர்க்கும். எனக்குப் பதினொரு வயதிலேயே வியர்க்கவில்லை. நான் போட்ட முதல் தரை ஒரு வாழைப்பழப் பெட்டிக்குள், மாயா மக்களுக்காகப் போட்டது.

இரண்டாயிரமாம் ஆண்டு. ஆறாம் வகுப்பு. பழங்கால மக்கள் என்று ரீச்சர் ஒரு புறொஜெக்ட் தந்தார். நன்றாக வாசிக்கிற பிள்ளைகள் எகிப்தையும் ரோமையும் கொண்டு போய்விட்டார்கள். எனக்கு மிச்சம் கிடைத்தது மாயா. நூலகத்திலிருந்து ஒரு படப்புத்தகமும் தந்தார். ஒரு பக்கம் வாசிக்க எனக்கு இரண்டு நாள் எடுக்கும். ஆனால் படத்தைப் பார்த்துச் செய் என்றால் அந்த வகுப்பில் எனக்குக் கிட்ட நிற்க ஆளில்லை. தமிழ்க் கடையில் வாழைப்பழப் பெட்டி வாங்கி வந்து, ஐஸ்பழத் தடிகளால் சுவர் நிறுத்தி, களிமண் பூசி, கயிற்றைப் பிரித்துக் கூரை வேய ஆயத்தமானேன்.

அந்தக் கிழமைதான் சண்டை நடந்துகொண்டிருந்த ஊரிலிருந்து தொலைபேசி வந்தது.

அம்மாவுக்கு அப்போது ஏழு மாதம். மேல்மாடியில் இருந்த பெரியம்மா அவரை மருத்துவிச்சியிடம் காட்டக் கூட்டிப் போயிருந்தார். அப்பா ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றார். பிறகு சப்பாத்து வைக்கிற பலகையில் இருந்துவிட்டார்.

"எப்ப? ... ஆர் ஆர் நிண்டது? ... சுடலைக்குக் கொண்டு போகேலாதோ? ... எந்த அறை?"

ரிசீவரை மெல்ல வைத்தார். பிறகு, "சீமெந்து இழுக்காத அறையோ," என்றார், தனக்குத்தானே சொல்வது போல.

எனக்கு அந்த அறையைத் தெரியும். போய்ப் பார்த்ததில்லை. தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் அம்மாவின் தங்கையின் படம் இருந்தது. சின்னம்மா செம்மஞ்சள் சீலை கட்டிக்கொண்டு, பாதி கட்டின வீட்டுக்கு முன்னால் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி நிற்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அந்தப் படத்தைக் காட்டுவார். "மூண்டு அறைக்குச் சீமெந்து இழுத்தாச்சு, மூலை அறைதான் மிச்சம், இன்னும் மண் நிலம்," என்பார், தானே கட்டியது போல.

பெரியப்பா சாரத்தோடு படியிறங்கி வந்தார். சின்னம்மா செத்துப்போனதை அப்பா சொல்ல, கேட்டுவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுக்குள்ளையோ தாட்டவை? நெருப்பு வைக்காமலோ?"

"செல் விழேக்கை சுடலைக்குப் போறதே அண்ணை? கிடங்கு வெட்டவே அவளின்ரை சித்தப்பன் ஒருத்தன்தான் நிண்டவனாம். விடிய எல்லாரும் வெளிக்கிட்டு ஓடியிட்டினம்."

"அதுக்கு? பாவமடா இது. அந்த வீட்டிலை இனி ஒரு விளக்கு எரியுமோ?"

"எரியுதோ இல்லையோ, இவளுக்கு இப்ப சொல்லக் கூடாது. பிள்ளை பிறக்கட்டும்." அப்போதுதான் அப்பா என்னைக் கண்டார். "டேய், கேட்டதைக் கேட்ட இடத்திலையே விடு. அம்மாட்டை வாய் திறந்தியெண்டால் தோலை உரிப்பன்."

நான் திறக்கவில்லை. பதினொரு வயதில் பதினொரு நாள். பெரிய மனிதர்களே தாங்காத சங்கதி அது. அம்மா படத்துக்கு முன்னால் நின்று, "இவள் ஒரு கடிதம் போடுறாளில்லைப் பார்," என்பார். நான் களிமண் பிசைந்துகொண்டிருப்பேன்.

ஆனால் பெரியப்பா சொன்ன சொல் எனக்குள் குத்திக்கொண்டே இருந்தது. சின்னம்மா அங்கே கிடப்பது பாவமா, அவரை அங்கே வைத்தவர்கள் செய்தது பாவமா, அந்த வீடே பாவமா? யாரிடம் கேட்பது?

பதில் புத்தகத்தில் கிடைத்தது. அந்தப் பக்கத்தை நான் இரண்டு நாளில் அல்ல, ஒரே மூச்சில் வாசித்தேன். மாயா மக்கள் தங்கள் சொந்தங்களை வீட்டுத் தரைக்குக் கீழேயே புதைத்தார்களாம். வழியில் பசிக்கக் கூடாது என்று வாயில் அரைத்த சோளமும், ஒரு பச்சைக் கல்மணியும் வைப்பார்களாம். பிறகு தரையைப் புதிதாகப் பூசிக்கொண்டு அதற்கு மேலேயே சமைப்பார்கள், சோளம் அரைப்பார்கள், பிள்ளை பெறுவார்கள். செத்தவர் வீட்டைவிட்டுப் போவதில்லை; வீட்டுக்குக் காவலாக இருப்பார்.

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல்லை இறக்கினது போல இருந்தது. பெரியப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டினேன். படித்த ஆட்களே புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள்.

என் வீட்டுக்குத் திறந்து மூடுகிற தரை ஒன்று செய்தேன். கீழே, மூலையில், ஒரு கிடங்கு. அதற்குள் களிமண்ணால் ஒரு பெண். அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த செம்மஞ்சள் துண்டைச் சுற்றினேன். வாயைத் தீக்குச்சியால் திறந்து சோளத்தை இடித்து வைத்தேன். பச்சைப் பாசிமணியும் வைத்தேன்.

கொண்டு போவதற்கு முதல் நாள் பின்னேரம் அம்மா குசினிக் கதிரையில் வந்து இருந்தார்.

"என்னடா உது, கோழிக்கூடோ?"

"மாயா ஆக்களின்ரை வீடு."

"கூரை வடிவாயிருக்கு. உன்ரை அப்பாவுக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியாது, நீ ஆரைப்போலையோ." தரையை நகத்தால் தூக்கினார். "இதார் கீழை படுத்திருக்கிறது?"

"செத்த ஆள்."

"அவைக்கு என்னத்துக்குச் சீலை?"

"சும்மா."

அம்மா அந்தத் துணியை விரலால் தொட்டார். நான் இனியாவது அவருக்கு ஒரு நல்ல செய்தி சொல்லலாம் என்று நினைத்தேன். வாக்கையும் மீறவில்லை, சின்னம்மா என்ற பேச்சே எடுக்கவில்லை.

"அம்மா, வீட்டுக்குள்ளை புதைக்கிறது பாவமில்லை. அவையின்ரை ராசாக்களே அப்பிடித்தான். நெருப்பு வைக்காட்டிலும் ஒண்டுமில்லை. வீட்டாக்களோடையே இருப்பினம்."

அம்மா என்னைப் பார்த்தார்.

"ஆரடா பாவமெண்டு சொன்னது?"

நான் பசைக் குழாயை மூடினேன். திறந்தேன். மறுபடியும் மூடினேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார், மூலையில் இருந்த கிடங்கைப் பார்த்தார், கடைசியாகத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே பார்த்தார். வயிற்றில் இருந்த கை அப்படியே இருந்தது. வெளியே சின்னப் பிள்ளைகள் பந்தடிக்கிற சத்தம்.

"வாயிலை என்ன வைச்சிருக்கிறாய்?" என்று கேட்டார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"சோளம். பசிக்காமல் இருக்க."

"ஓம்," என்றார். கதிரையைப் பிடித்து எழும்பிக்கொண்டு, "எனக்குத் தெரியுமெண்டு அப்பாட்டைச் சொல்லாதை. அந்த மனுசன் பயந்து போயிருக்கு. போய்க் குளி."

குளித்துவிட்டு வந்தபோது தரை மூடியிருந்தது. அம்மா சாப்பாட்டுக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு நிறைய வெங்காயம் வெட்டினார்.

மறுநாள் வகுப்பில் என் வீட்டுக்குத்தான் கூட்டம். எகிப்துக்காரர்களின் பிரமிட்டு ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. ரீச்சர் தரையைத் தூக்கிப் பார்த்து, "மிக நன்றாக இருக்கிறது," என்றார். பிறகு குனிந்தார். "இது என்ன, வெள்ளையாக?"

வாயில் சோளம் இல்லை. அரிசி இருந்தது. நாலைந்து மணி அல்ல, வாய் நிறைய. உதட்டைக் கிழித்து, கன்னம் வரைக்கும் அழுத்தி வைத்திருந்தது. பாசிமணியைக் காணவில்லை.

மாயா மக்களிடம் அரிசி இருந்ததில்லை என்று ரீச்சர் அன்பாகத்தான் சொன்னார். யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அரிசியைத் திணித்து என் கைவேலையில் பிழை பிடிக்க அம்மா ஏன் இடம் வைத்தார் என்று கோபம் கோபமாக வந்தது. நூலகத்தில் காட்சிக்கு வைப்பதற்கு முன் திருத்திவிடு என்றார் ரீச்சர். திருத்தினேன். கத்தரிக்கோல் முனையால் ஒவ்வொரு மணியாகக் கிளறி எடுத்து, உள்ளங்கையில் சேர்த்து, கதவோரம் இருந்த குப்பைக் கூடைக்குள் உதறினேன். ஒரு மணிகூட விடவில்லை. நான் அரைகுறையாக வேலை செய்கிறவன் அல்ல.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அரிசி கழுவிக்கொண்டிருந்தார்.

"ரீச்சர் என்ன சொன்னவ?"

"அரிசி பிழையாம். எடுத்து எறிஞ்சிட்டன்."

அம்மாவின் கை தண்ணீருக்குள் நின்றது. "எல்லாத்தையுமோ?"

"ஓம், எல்லாத்தையும்."

"சரி," என்றார். கை திரும்பவும் ஓடத் தொடங்கியது. அந்த அரிசியை அவர் அன்றைக்கு எத்தனை தரம் கழுவினார் என்று தெரியாது. சாப்பிட நேரமாகிவிட்டது.

பல வருடங்களுக்குப் பிறகு அப்பாவின் சவப்பெட்டிக்கு முன்னால் நான் நின்றபோது, ஐயர் என் கையில் அரிசியைத் தந்து, "மூத்த பிள்ளை முதலிலை போடுங்கோ," என்றார். கேட்ட வேலையைக் கேட்ட உடனே செய்து பழகிய என் கை அன்றைக்கு எழும்பவில்லை. விரலிடுக்கால் அரிசி கீழே கொட்டியது. துக்கத்தில் நிற்கிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அம்மா ஒருவர்தான் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

அது பிறகு நடந்தது. அந்த வருடம் ஆடியில் தங்கைச்சி பிறந்தாள். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்த மறுநாள் பெரியப்பாவும் பெரியம்மாவும் கீழே வந்து இருந்தார்கள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊரில் இப்படி ஒரு சங்கதி நடந்துவிட்டது என்று தொடங்கினார். அவர் முடிக்க முதலே அம்மா கதிரையிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்து, இரண்டு கையாலும் தரையில் அடித்து அடித்து அழுதார். கீழ்வீட்டு நொர்வேஜியக் கிழவர் என்னவோ ஏதோ என்று மணி அடித்தார். பெரியம்மா தங்கைச்சியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் ஓடினார். அப்பா கதவைத் திறக்கப் போகிற வழியில் என் தலையைத் தடவி, "கெட்டிக்காரன், வாயைத் திறக்கேல்லை," என்றார்.

நான் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இருவருடைய இரகசியத்தையும் காப்பாற்றிவிட்ட பெருமை எனக்கு. அம்மா எவ்வளவு நன்றாக நடிக்கிறார் என்று நினைத்தேன்.